மூன்றாவது குரல்

ராமாத்தாளை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் வாங்கியவர்கள் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாலும் அசைய மாட்டாள். மூன்றாவது தடவை குரல் கொடுத்த பிறகுதான், அதுவரை எதுவுமே காதில் விழாதவள் போல, "என்ன சாமி, கூப்பிட்டீங்களா?" என்று திரும்புவாள். முட்டை ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள் அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசுவார்கள். மந்தமாவது மண்ணாவது! பண்ணையின் மறுகோடியில் ஒரு கோழி சளி பிடித்துக் கொறகொறவென்று மூச்சு விட்டால், சமையற்கட்டில் இருந்தபடியே எந்தக் கூண்டு என்று சொல்லிவிடுவாள்.

மருமகள் ஜெயப்பிரியா கெட்டிக்காரி. மாமனார் தண்டாயுதபாணி போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமியாருக்கு இந்தப் பழக்கம் வந்தது என்பதைக் கவனித்திருந்தாள். துக்கத்தில் மனசு ஏதோ ஒரு பக்கம் மரத்துப்போய்விட்டது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, மூன்று தடவையையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கூப்பிடப் பழகிக்கொண்டாள். "அத்தே அத்தே அத்தே, சோறுண்ண வாங்க!" வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் இது நல்ல வேடிக்கை. "உங்கூட்டுல என்ன, ஏலம் போடறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ராமாத்தாளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்?

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சித்திரை அது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கோழிகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மூச்சிரைத்துக் கிடந்தன. தண்டாயுதபாணி கிழக்குப் பக்கத்து ஷெட்டில் தீவனத் தொட்டியைச் சரிபண்ணப் போயிருந்தார். வேலைக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மகன் மணிமாறனும் மருமகளும் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ராமாத்தாள் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சரியான உச்சி வேளை.

"ராமாத்தா!"

ஷெட் பக்கமிருந்து குரல் வந்தது. அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றது.

உச்சி வேளையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுக் கட்டுப்பாடு. முனி உலாவுகிற நேரம் அது. நமக்கு வேண்டப்பட்டவர்களின் குரலில்தான் கூப்பிடுமாம். நாம் 'என்ன' என்று கேட்டுவிட்டால் போச்சு, பிடித்துக்கொள்ளும். ஆனால் முனிக்கு ஒரு குறை உண்டு. அது இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுஷன், பயப்படாமல் போகலாம். தண்டாயுதபாணிக்கு இதெல்லாம் கேலி. இருந்தாலும் மத்தியானத்தில் அவளைக் கூப்பிட வேண்டி வந்தால், "ராமாத்தா! ராமாத்தா! மூணாவது ராமாத்தா!" என்று கிண்டலாக எண்ணிக்கொண்டே கூப்பிடுவார்.

அன்றைக்குக் கிண்டல் இல்லை. "ராமாத்தா..." என்று இரண்டாவது தடவை கேட்டது. முதல் குரலைவிடத் தணிந்திருந்தது. அவள் ஈரக்கையோடு மூன்றாவதுக்காகக் காத்து நின்றாள். வரவில்லை. 'முனிதான்' என்று நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு உலையை ஏற்றினாள். சோறு வெந்து, வடித்து, இலை போட்டும் ஆள் வரக் காணோமே என்று போய்ப் பார்த்தபோது, இரண்டு கூண்டு வரிசைக்கும் நடுவில் அவர் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை நெஞ்சுக்கு அடியில் மடங்கியிருந்தது. இன்னொரு கை வீட்டுப் பக்கம் நீண்டிருந்தது.

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்திருக்கும் என்றார்கள். ஊரே வந்து அழுதது. அவளும் அழுதாள். ஆனால் அந்த இரண்டு குரலைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கூப்பிட்டது அவரா, முனியா? முனி என்றால் அவள்மேல் குற்றமில்லை, அவர் சத்தமில்லாமல் போய்விட்டார் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் என்றால்? அரிசிப் பானைக்கு முன்னால் பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்க, மனுஷன் தரையில் கிடந்து செத்திருக்கிறார். இந்தக் கேள்வி ராமாத்தாளைத் தின்றது. தின்று முடிக்கவும் இல்லை.

கருமாதி முடிந்த மறு வாரமே குரல் ஆரம்பித்துவிட்டது. அதே உச்சி வேளை, பூட்டிப்போட்ட அதே ஷெட். "ராமாத்தா! ராமாத்தா..." இரண்டே தடவை. ஒவ்வொரு நாளும் அவள் புறவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காக நிற்பாள். மூன்றாவது மட்டும் வரட்டும், அது எங்கே கூப்பிட்டாலும் சரி, என்ன ஆனாலும் சரி, வாய் திறந்து பதில் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். போகப்போக மத்தியானம், சாயங்காலம் என்ற வித்தியாசமும் போயிற்று. முகம் தெரியாமல் பேர் சொல்லியோ முறை சொல்லியோ யார் கூப்பிட்டாலும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கேட்டால்தான் அவிழும்.

இப்படியிருக்கையில்தான் அவளுக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் முட்டை அட்டைகளை அடுக்கும்போது வாங்கியது. பிறகு வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கவே வாங்கியது. சேந்தமங்கலத்தில் ஒரு சீருக்குப் போன இடத்தில், கையில் தாம்பாளத்தோடு மயங்கி விழுந்தாள். தேங்காய் பழமெல்லாம் உருண்டு ஓட, மணிமாறன் அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பறந்தான்.

ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் இளஞ்செழியன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பொறுமையாகப் பேசுகிற மனிதர். பல பரிசோதனைகள் முடிந்த பிறகு ராமாத்தாள், மகன், மருமகள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அம்மாவுக்கு ரெண்டு பிரச்சினை இருக்கு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போற வாசல்ல இருக்கிற வால்வு சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. அதான் மூச்சு வாங்குது, மயக்கம் வருது. நெஞ்சைத் திறக்காம, தொடை ரத்தக்குழாய் வழியா புது வால்வு கொண்டுபோய் வெச்சுடலாம். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற முக்கியமான குழாய்ல பெரிய அடைப்பு. முதல்ல அங்க ஸ்டென்ட் வெச்சு அதைத் திறக்கணும். ஒரு மாசம் போகட்டும். அப்புறம் வால்வு."

"ரெண்டையும் ஒரே தடவையா முடிச்சுப்போட முடியாதுங்களா சார்?" என்று மணிமாறன் கேட்டான்.

"சில பேருக்குச் செய்யறதுண்டு. சின்ன அடைப்பா இருந்தா தொடாமலே கூட விட்டுடுவோம். இவங்களுக்கு அப்படி விட முடியாது. வால்வை உக்கார வைக்கிற நேரத்துல ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் நின்னுபோற மாதிரி ஆகும். இந்த அடைப்போட இதயம் அதைத் தாங்காது. சரி, முதல்ல வால்வை வெச்சுட்டு அப்புறம் அடைப்பைப் பாத்துக்கலாம்னா, புது வால்வோட கம்பிவலை குழாய் வாசலை மறைச்சுக்கும். உள்ள நுழையறது பெரும் பாடாயிடும்."

"எதுவும் பண்ணாம உட்டுட்டா?" ராமாத்தாள்தான் கேட்டாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் ஓட்டறதே கஷ்டம்மா. ஸ்டென்ட் வைக்கிறதுல பெரிய வலி எதுவும் இருக்காது. மணிக்கட்டு வழியாத்தான் போவோம். மயக்க மருந்து கொடுக்க மாட்டோம், நீங்க முழிச்சுத்தான் இருக்கணும். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டா உடனே பதில் சொல்லணும். நீங்க பேசறதை வெச்சுத்தான் உள்ள நிலைமை எப்படின்னு எங்களுக்குத் தெரியும். அது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட கேக்கறது."

ராமாத்தாளுக்கு அந்த ஒன்றுதான் இடித்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில். உலகத்தில் அவளால் முடியாத ஒரே காரியத்தைப் பார்த்து இந்த மனுஷன் கேட்கிறாரே! சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அரிசிப் பானை வரைக்கும் போக வேண்டும். பக்கத்தில் தண்டாயுதபாணியின் மூக்கும் முழியுமாக மகன் உட்கார்ந்திருந்தான். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "எனக்கு எதுக்குடா இத்தன செலவு, சீரழிவு? வயசான கட்டை." மகன் கெஞ்சினான், கத்தினான், சாப்பிடாமல் கிடந்தான். அவள் மசியவில்லை. உண்மையில் அவளுக்குச் சாக இஷ்டமே இல்லை. அதுதான் கொடுமை. இந்த வயதிலும் காலையில் எழுந்து காபித்தண்ணி குடிக்கவும், கோழிச் சத்தம் கேட்கவும், மருமகளோடு வாயாடவும் ஆசையாக இருந்தது. அப்படி ஆசைப்படுவதே புருஷனுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம் போலவும் இருந்தது.

இதற்கிடையில் குரல் இடம் மாற ஆரம்பித்தது. அத்தனை வருஷமும் பூட்டின ஷெட்டை விட்டு நகராத குரல், இப்போது தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கேட்டது. சில நாளில் துணி காய்கிற கொடிக்குக் கீழே கேட்டது. பிறகு புறவாசல் படியில். ஒரு மத்தியானம் அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கையில், முதுகுக்கு நேர் பின்னால், பிடரி மயிரில் மூச்சுப் படுகிற தூரத்தில், "ராமாத்தா!" என்று கேட்டது. கோழித் தீவன வாசமும் அவர் பூசுகிற திருநீற்று வாசமும் சேர்ந்து அடித்தன. "ராமாத்தா..." என்று இரண்டாவதும் வந்தது. அவள் திரும்பவில்லை. அது தன்னைக் கூட்டிப்போகத்தான் கிட்டே கிட்டே வருகிறது என்று அவளுக்குப் பட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே மகனைக் கூப்பிட்டாள். "நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ சாமி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொன்றாக விசாரித்தாள். சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, காது கேட்குமா? "காதெல்லாம் பாம்புக் காதுங்க" என்றான் மணிமாறன். ஜெயப்பிரியாவுக்கு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது: 'எங்க அத்தைய மட்டும் மூணு தடவ கூப்புடோணுங்க.' இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்களோ, பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று தயங்கி விழுங்கிவிட்டாள். வார்டில் டாக்டர் வந்து கேட்டதற்கெல்லாம் அத்தை டக் டக்கென்று பதில் சொன்னதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசினால் அத்தைக்கு எந்தச் சிக்கலும் கிடையாது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

காலையில் நடக்க வேண்டியது. யாரோ ஒருவருக்கு அவசரம் என்று தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ராமாத்தாளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனபோது வெளியே சூரியன் தலைக்கு நேராக வந்துவிட்டது.

உள்ளே மார்கழிக் குளிர். கழுத்து வரைக்கும் பச்சைத் துணி போர்த்தினார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு பெரிய இயந்திரம் குனிந்து நின்று எல்லாவற்றையும் மறைத்தது. டாக்டர் அதற்கு அந்தப் பக்கம் நின்றார். குரல் மட்டும்தான் வந்தது, முகம் இல்லை. மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு குத்து. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

"அடைப்புகிட்ட வந்துட்டோம். இப்ப உள்ள பலூனை ஊதப் போறேன். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க."

வலி வந்தது. நெஞ்சின் மேல் ஒரு தீவன மூட்டையை இறக்கி, அதன் மேல் இன்னொரு மூட்டையையும் இறக்கியது போல வந்தது. ஐயோ, இதுதானா? இந்த வலியைத்தானா அந்த மனுஷன் தனியாகக் கிடந்து பட்டார்?

"ராமாத்தாம்மா, வலிக்குதா?"

முகமில்லாத ஆண் குரல். உச்சி வேளை. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இது டாக்டர்தான், பேசு என்று மனசுக்குள்ளேயே தன்னைத் திட்டினாள். வாய் திறக்கவில்லை.

"ராமாத்தாம்மா! பேசுங்க!"

இரண்டு. இயந்திரத்தின் சத்தம் மாறியது. பிரஷர் இறங்குது சார் என்று ஒரு பெண் பதறினாள். காலடிகள் ஓடின. என்னென்னவோ ஊசியின் பேர் சொல்லி யாரோ கேட்டார்கள். மேலே இருந்த விளக்கு மங்கி மங்கி ஒரு தகரக் கூரையானது. கூரைக்குக் கீழே இரண்டு வரிசைக் கூண்டு. நடுவில் ஒரு பாதை. அவள் கவிழ்ந்து கிடக்கிறாள், அவளுடைய ஒரு கை வீட்டுப் பக்கம் நீண்டிருக்கிறது. தூரத்தில் சமையற்கட்டில் யாரோ அரிசி களைகிறார்கள், அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"ராமாத்தா!"

காதுக்குள்ளேயே கேட்டது. கண்டிப்பான குரல். 'அம்மா' இல்லை, மரியாதை இல்லை, உரிமை மட்டும்தான் இருந்தது. மூன்று.

அத்தனை வருஷம் ஒட்டிக்கிடந்த நாக்கு பட்டென்று அவிழ்ந்தது.

"ஏனுங்க!" என்று ராமாத்தாள் கத்தினாள். "இருக்கறேனுங்க! இங்கதானுங்க இருக்கறேன்!"

கண் விழித்தபோது வேறொரு அறையில் கிடந்தாள். மணிமாறன் காலடியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சாயங்காலம் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று சிரித்தார். களைத்த சிரிப்பு.

"ஸ்டென்ட் நல்லா உக்காந்துடுச்சும்மா. ஆனா எங்களை ஒரு உலுக்கு உலுக்கிட்டீங்க. உடனே பதில் சொல்லணும்னு அத்தனை தடவை சொல்லியிருந்தேனே!"

"மூணாவது தடவ கூப்பிட்டப்ப சொல்லிட்டனுங்களே சாமி."

"மூணாவதா?" டாக்டர் புருவத்தை நெறித்தார். "நான் ரெண்டு தடவைதாம்மா கூப்பிட்டேன். அப்புறம் பிரஷர் விழுந்துடுச்சு. பலூனை இறக்கி, மருந்து ஏத்தி, எனக்கு வாய் பேச ஏது நேரம்? வேற யாரும் உங்களைக் கூப்பிடல. நெஞ்சை அமுக்கச் சொல்லி வாயெடுத்தேன், நீங்களா 'ஏனுங்க'ன்னு ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, எனக்கு உயிர் வந்துச்சு. அந்த வால்வை வெச்சுக்கிட்டு அமுக்கியிருந்தா பிழைக்கறதே கஷ்டம்மா." மாத்திரையை ஒருநாள் கூட விடக்கூடாது, அடுத்த மாதம் வால்வுக்குத் தேதி தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமாத்தாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்து தலையணையை நனைத்தது. வலிக்குதாம்மா என்று மகன் பதறினான். இல்லை என்று தலையாட்டினாள். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரியா, அன்னிக்குக் கூப்பிட்டது உங்க மாமாதான் சாமி."

எல்லாவற்றையும் சொன்னாள். அரிசிப் பானையிலிருந்து ஆரம்பித்து, வீட்டுப் பக்கம் நீண்டிருந்த கை வரைக்கும். நடுவில் நிறுத்தவில்லை. "முனியா இருக்கும், முனியா இருக்கும்னு இத்தன வருஷம் என்னைய நானே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். முனிக்குத்தான் மூணாவது கூப்பிடத் தெரியாதே! இன்னிக்கு மூணாவது வந்துருச்சு. தனக்காக ரெண்டு தடவ கூப்பிட்டாரு, நான் போகல. எனக்காக வந்து மூணாவதைக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாரு. அவரு மனுசன் சாமி. நான்தான்..." விம்மினாள்.

ஜெயப்பிரியா அத்தையின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, இத்தனை வருஷமாக இதை வைத்துச் சிரித்தோமே என்று தானும் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குரல் கேட்கவில்லை. முதல் நாள் உச்சி வேளையில் ராமாத்தாள் புறவாசலில் போய் நின்றாள். சத்தமில்லை. மறுநாளும் இல்லை. தொட்டி ஓரமும் கொடிக்கடியும் வெறிச்சென்று கிடந்தன. அவளுக்குப் பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை. குரல் இருந்தவரைக்கும் ஒரு பயம், அது போன பிறகு அதைவிடப் பெரிய பயம். அந்த மனுஷன் முழுசாகச் செத்துப்போனது இப்போதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து ஷெட்டைத் திறந்தாள். உள்ளே காலிக் கூண்டுகள் வரிசையாக நின்றன. தொட்டியில் பழைய தீவனத் தூள் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் கிடந்த இடத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள்.

தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரிந்தது. வேறு சத்தமில்லை.

"ஏனுங்க!"

மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மூன்றாவது கூப்பிட்டால் அவர் வந்தாக வேண்டும். வந்தால் இவளும் கிளம்பியாக வேண்டும். அடுத்த மாதம் வால்வு இருக்கிறது. அந்த மனுஷன் மூன்றாவதைக் கொடுத்தது இவளைக் கூட்டிப்போக இல்லை.

"மூணாவது எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "நான் வரவேண்டிய அன்னிக்கு நானே கூப்புடறேன். அன்னிக்கு நீங்க காக்க வெக்காதீங்க, நான் வெச்ச மாதிரி."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, வீட்டுப் பக்கமிருந்து ஜெயப்பிரியாவின் குரல் கேட்டது.

"அத்தே!"

புறவாசல் படியில் கையில் மாத்திரையும் தண்ணீர்ச் சொம்புமாக ஜெயப்பிரியா நின்றிருந்தாள். வழக்கம்போல மூன்றையும் சேர்த்துக் கூப்பிட வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, ஒன்றோடு நிறுத்திக்கொண்டு ஷெட்டின் இருட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதா, வாரேன் சாமி" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.